தைராய்டு குறைபாட்டுக்கு டி4 மாத்திரையோடு டி3 சேர்ப்பது எப்போது: முடிவெடுக்கும் முறை

தைராய்டு சுரப்பி போதிய அளவு சுரக்காதவர்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்து பெரும்பாலும் ஒன்றுதான்: லெவோதைராக்ஸின், அதாவது டி4 ஹார்மோன். நாள்தோறும் ஒரு மாத்திரை, ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின் ஒரு ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் அளவில் சிறு மாற்றம் என்ற இந்த எளிய முறையிலேயே பெரும்பாலோர் நலமடைந்துவிடுகிறார்கள். ஆனால் டி.எஸ்.எச். (தைராய்டைச் சுரக்கத் தூண்டும் பிட்யூட்டரி ஹார்மோன்; தைராய்டு ஹார்மோன் குறைந்தால் இது உயரும், மிகுந்தால் இறங்கும்) அளவு சரியான எல்லைக்குள் வந்த பிறகும் சோர்வும் மந்தமும் மறதியும் நீங்கவில்லை என்று சொல்பவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் வரை இருக்கிறார்கள். லியோதைரோனின் எனப்படும் டி3 ஹார்மோனையும் சேர்த்து உட்கொண்டால் இந்தத் தொல்லைகள் தீருமா என்பது இவர்களில் பலர் ஏதேனும் ஒரு கட்டத்தில் கேட்கும் கேள்வி.

இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடையாது. ஆயினும் விடையை நெருங்குவதற்கு ஓர் ஒழுங்கான வரிசை உண்டு. அந்த வரிசையில் கடைசியாக வர வேண்டிய கேள்விதான் டி3 வேண்டுமா என்பது. அதற்கு முந்தைய கேள்விகளைப் பொறுமையாகக் கேட்டு முடித்தால், பலருக்குக் கடைசிக் கேள்வி வரை போக வேண்டிய தேவையே இராது என்பது என் கருத்து. கீழே சொல்லப்படுவன எல்லாம் நாளமில்லாச் சுரப்பி மருத்துவரைச் சந்திக்கப் போகும் ஒருவர் தம்மைத் தயார்ப்படுத்திக்கொள்வதற்கானவை. டி3 மாத்திரையைத் தாமாகவே வாங்கித் தொடங்குவதும், உட்கொண்டுவரும் டி4 அளவைத் தாமாகவே மாற்றுவதும் ஆபத்தானவை.

இரண்டு ஹார்மோன்களின் கணக்கு

நலமான தைராய்டு சுரப்பி டி4, டி3 ஆகிய இரண்டையும் வெளியிடுகிறது என்றாலும், அதில் டி4 மிக அதிகம். எடைக் கணக்கில் சுமார் 14 பங்கு டி4க்கு 1 பங்கு டி3 என்று கொள்ளலாம். உடலின் உயிரணுக்களில் உண்மையில் வேலை செய்வது டி3 தான். உடலுக்கு அன்றாடம் கிடைக்கும் டி3யில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, சுரப்பிக்கு வெளியே, கல்லீரல், சிறுநீரகம், தசை போன்ற இடங்களில் டீஅயோடினேஸ் என்னும் நொதிகள் டி4இலிருந்து ஓர் அயோடின் அணுவை நீக்குவதால் உருவாகிறது. மீதி ஐந்தில் ஒரு பங்கு மட்டுமே சுரப்பியிலிருந்து நேரடியாக வருகிறது.

இந்த மாற்றம் மனித உடலில் நடப்பது 1970ஆம் ஆண்டில், தைராய்டு சுரப்பியே செயல்படாதவர்களிடம் செய்த ஆய்வில் நிறுவப்பட்டது. அதுவரை விலங்குகளின் தைராய்டு சுரப்பியை உலர்த்திப் பொடித்த மாத்திரைகள் பரவலாகப் புழங்கிவந்தன. அவற்றில் இரண்டு ஹார்மோன்களும் இருந்தன. உடல் தானே தேவைக்கேற்ப டி3 தயாரித்துக்கொள்ளும் என்று தெரிந்த பிறகு, டி4 மட்டும் கொடுத்தால் போதும் என்ற முறை நிலைபெற்றது. காரணம் தெளிவானது: டி4இன் அரை ஆயுள், அதாவது ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறத்தாழ ஒரு வாரம்; ஒரு நாள் மறந்தாலும் ரத்தத்தில் அதன் அளவு பெரிதாக ஏறி இறங்காது. டி3 மாத்திரையோ விழுங்கிய இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் உச்சத்தைத் தொட்டு, ஏறத்தாழ ஒரு நாளில் பாதியாகக் குறைந்துவிடும். டி4, டி3 இரண்டையும் சேர்த்துத் தரும் கூட்டுச் சிகிச்சையின் சிக்கல்களில் பாதி இந்த ஏற்ற இறக்கத்திலிருந்தே பிறக்கின்றன.

இருந்தாலும், டி4 மட்டும் உட்கொள்பவர்களின் ரத்தத்தில், நலமானவர்களோடு ஒப்பிட, டி4 சற்றுக் கூடுதலாகவும் டி3 சற்றுக் குறைவாகவும் இருப்பதுண்டு. அறுவைச் சிகிச்சையால் சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவர்களிடம் இது தெளிவாகத் தெரிகிறது. சுரப்பி நேரடியாகத் தந்துவந்த அந்த ஐந்தில் ஒரு பங்கு அவர்களுக்கு இல்லை. கூட்டுச் சிகிச்சை என்ற எண்ணத்துக்கு அடிப்படை இதுதான். எண்ணம் நியாயமானது. ஆனால் ரத்தத்தில் தெரியும் இந்தச் சிறு வேறுபாடுதான் அந்த நபரின் சோர்வுக்குக் காரணம் என்று காட்டுவது வேறு. அது இன்னும் உறுதியாக நிறுவப்படவில்லை.

முதலில் பழைய அறிக்கையைத் தேடி எடுங்கள்

தைராய்டு குறைபாடு உங்களுக்கு எந்த அடிப்படையில் உறுதிசெய்யப்பட்டது என்பதே முதல் கேள்வி. சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுத்த பரிசோதனையில் டி.எஸ்.எச். மிக உயர்ந்தும் டி4 எல்லைக்குக் கீழே இறங்கியும் இருந்தால், அது ஐயமற்ற தைராய்டு குறைபாடு. மாறாக, வழக்கமான எல்லை ஏறத்தாழ 0.4 முதல் 4 மில்லி யூனிட் வரை என்றிருக்க, உங்கள் டி.எஸ்.எச். 5 அல்லது 6 என்று லேசாக உயர்ந்திருந்து, டி4 சரியாகவே இருந்திருந்தால் நிலைமை வேறு. அத்தகைய லேசான உயர்வு பலருக்கு மறு பரிசோதனையில் தானாகவே சீராகிவிடுகிறது. அன்று உங்களை மருத்துவரிடம் கொண்டுபோன சோர்வுக்குத் தைராய்டு காரணமாக இல்லாமலேயே இருந்திருக்கலாம். அப்படியானால், அதே சோர்வு டி4 உட்கொண்டும் நீங்கவில்லை என்பதில் வியப்பில்லை; டி3 சேர்த்தாலும் நீங்காது.

ஆகவே பழைய அறிக்கைகளைத் தேடி எடுப்பது வீண் வேலையன்று. அது கிடைக்காவிட்டால், தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புரதங்கள் ரத்தத்தில் உள்ளனவா என்ற பரிசோதனை ஓரளவு துணைசெய்யும். ஐயம் வலுவாக இருந்தால், மருத்துவர் தம் கண்காணிப்பில் டி4ஐக் குறைத்தோ நிறுத்தியோ ஆறு வாரங்களுக்குப் பின் மறுபடி சோதித்துப் பார்க்கலாம். சுரப்பி அகற்றப்பட்டவர்களுக்கும், கதிரியக்க அயோடின் சிகிச்சை பெற்றவர்களுக்கும் இந்தக் கேள்வியே எழாது.

பிட்யூட்டரி சுரப்பியின் கோளாறால் தைராய்டு குறைந்தவர்களுக்கு டி.எஸ்.எச். அளவை நம்பவே கூடாது. அவர்களுக்கு டி4 அளவே வழிகாட்டி. இதைக் கவனிக்காமல், டி.எஸ்.எச். சரியாக இருக்கிறது, ஆகவே மருந்தும் போதும் என்று விடப்பட்டவர்கள், உண்மையில் தேவைக்குக் குறைவான டி4இல் இருக்கக்கூடும்.

டி4 முழுமையாகச் சேர்கிறதா

அடுத்தது, டி4 சிகிச்சைக்கு உரிய வாய்ப்பு கொடுக்கப்பட்டதா என்பது. சுரப்பி முற்றிலும் செயலிழந்த பெரியவர் ஒருவருக்கு உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம் டி4 தேவைப்படும். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 100 மைக்ரோகிராம். சுரப்பி ஓரளவு வேலை செய்பவர்களுக்கு இதைவிடக் குறைவாகவே போதும். இதைவிட மிக அதிகமான அளவு தேவைப்படுகிறது என்றாலோ, அளவை மாற்றாமலேயே டி.எஸ்.எச். ஒரு முறை 1 என்றும் மறுமுறை 7 என்றும் தாவுகிறது என்றாலோ, மருந்து முழுமையாக உடலில் சேரவில்லை என்று ஐயுற வேண்டும்.

மாத்திரையை வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும் விழுங்கி, காலை உணவுக்கு முன் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விட வேண்டும். காபியோடு சேர்த்து விழுங்கினால் உறிஞ்சப்படும் அளவு குறையும். இரும்புச்சத்து மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் டி4ஐக் குடலில் பற்றிக்கொள்வதால், அவற்றுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. வயிற்று அமிலச் சுரப்பைக் குறைக்கும் மாத்திரைகளைத் தொடர்ந்து உட்கொள்வோருக்கும், சீலியாக் நோய் (கோதுமைப் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் நோய்), இரைப்பை அழற்சி, இரைப்பையில் ஹெலிகோபேக்டர் கிருமித் தொற்று உள்ளவர்களுக்கும் டி4 சரிவர உறிஞ்சப்படாமல் போகலாம். காலை நேரம் ஒத்துவராதவர்கள், இரவு உணவுக்குப் பின் மூன்று மணி நேரம் கழித்து, உறங்கப் போகும்போது உட்கொள்ளலாம். இதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. ஒரு நிறுவனத்தின் மாத்திரையிலிருந்து இன்னொன்றின் மாத்திரைக்கு மாறியிருந்தால், அந்தத் தேதியைக் குறித்துவைத்து, ஆறு வாரங்கள் கழித்து மறு பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

தவறவிட்ட மாத்திரைகளைப் பற்றி மருத்துவரிடம் உண்மையைச் சொல்லிவிடுவது நல்லது. பல நாள் விட்டுவிட்டுப் பரிசோதனைக்கு முந்தைய சில நாட்கள் மட்டும் ஒழுங்காக உட்கொண்டவரின் அறிக்கையில், டி4 நன்றாகவும் டி.எஸ்.எச். உயர்ந்தும் இருக்கும். அனுபவமுள்ள மருத்துவருக்கு அந்தச் சேர்க்கையே கதையைச் சொல்லிவிடும். முடி உதிர்வுக்காகப் பயோட்டின் மாத்திரை உட்கொள்பவர்கள் பரிசோதனைக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன்பே அதை நிறுத்த வேண்டும். சில ஆய்வக முறைகளில் பயோட்டின், டி.எஸ்.எச். அளவைக் குறைத்தும் டி4, டி3 அளவுகளைக் கூட்டியும் காட்டிவிடும். அப்படிப் பொய்யாக வந்த எண்ணை நம்பி மருந்தைக் குறைத்துவிட்டு, பிறகு சோர்வுக்கு டி3 தேடுவது வேடிக்கையான முடிவாக இருக்கும்.

டி.எஸ்.எச். எல்லைக்குள் இருந்தால் மட்டும் போதுமா, எல்லைக்குள் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வியும் உண்டு. பிரித்தானிய நாளமில்லாச் சுரப்பி மருத்துவ அமைப்புகள் 2023இல் வெளியிட்ட கூட்டறிக்கை, டி3 பற்றி யோசிப்பதற்கு முன், டி4 அளவைச் சீர்செய்து டி.எஸ்.எச்.ஐ 0.3 முதல் 2.0க்குள் மூன்று முதல் ஆறு மாதங்கள் நிலையாக வைத்துப் பார்க்கச் சொல்கிறது. இது நல்ல வரையறை. அறிகுறிகள் ரத்த அளவை உடனே பின்தொடர்ந்து மாறுவதில்லை. எண் சரியான மறு வாரமே உடம்பும் சரியாகிவிடும் என்று எதிர்பார்ப்பதுதான் பல ஏமாற்றங்களின் தொடக்கம். அதே வேளை, எல்லைக்குள்ளேயே டி4 அளவைச் சிறிது கூட்டுவதும் குறைப்பதுமாக, எது எதென்று தெரிவிக்காமல் செய்த ஆய்வில், பங்கேற்றவர்களின் உடல்நலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். 1.8ஐ 0.8 ஆக்குவதற்காக ஓராண்டு முழுவதும் மாத்திரை அளவோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

சோர்வுக்கு வேறு காரணம் உண்டா

தைராய்டு குறைபாட்டின் அறிகுறிகளில் அதற்கே உரியது என்று ஒன்றுகூட இல்லை. சோர்வு, எடை கூடுதல், முடி உதிர்வு, மலச்சிக்கல், மனச்சோர்வு, நினைவு மங்கல் ஆகிய எல்லாமே வேறு பல கோளாறுகளிலும் வரும். ஆகவே டி3 பற்றிப் பேசுவதற்கு முன், ரத்தசோகை, இரும்புச்சத்துக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், வைட்டமின் பி12, வைட்டமின் டி, ரத்தச் சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல், கால்சியம் ஆகியவற்றைச் சோதித்துவிட வேண்டும். குறட்டையும் பகல் தூக்கமும் இருந்தால், உறக்கத்தில் மூச்சு தடைபடும் கோளாறு உண்டா என்று பார்க்க வேண்டும். மாதவிலக்கு நிற்கும் பருவத்துப் பெண்களிடம் உறக்கக் கேடும் நினைவுத் தடுமாற்றமும் அந்தப் பருவ மாற்றத்தாலேயே வரலாம். ரத்த அழுத்தத்துக்காகவோ வலிக்காகவோ உட்கொள்ளும் சில மாத்திரைகளும் சோர்வைத் தரும். மனச்சோர்வு நோயைப் பற்றிக் கேட்டால் சிலர் புண்படுகிறார்கள். உடம்பில் உள்ளதை மனத்தின் மேல் போடுவதாக நினைக்கிறார்கள். அது சோதித்துப் பார்க்கவும் குணப்படுத்தவும் கூடிய இன்னொரு காரணம், அவ்வளவே.

தைராய்டைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களுக்கு அதே வகையைச் சேர்ந்த வேறு நோய்களும் சற்று அதிகமாக வருகின்றன. முதல் வகைச் சர்க்கரை நோய், சீலியாக் நோய், பி12 உறிஞ்சாமையால் வரும் ரத்தசோகை ஆகியவை அவற்றுள் சில. அரிதாயினும் தவறவே விடக்கூடாதது அடிசன் நோய் என்னும் அட்ரினல் சுரப்பிக் குறைபாடு. சோர்வோடு எடை குறைதல், எழுந்து நின்றால் தலைசுற்றல், தோல் கருத்தல், உப்பின் மேல் வேட்கை ஆகியவை இருந்தால், தைராய்டு ஹார்மோனைக் கூட்டுவதற்கு முன், அட்ரினல் சுரப்பி தரும் ஹார்மோனான கார்ட்டிசாலின் அளவைப் பார்த்தே ஆக வேண்டும். தைராய்டு ஹார்மோன் உடலில் கார்ட்டிசால் அழியும் வேகத்தைக் கூட்டுகிறது. ஏற்கெனவே கார்ட்டிசால் குறைவாக உள்ளவருக்கு அது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

யாருக்கு டி3 கூடாது

கர்ப்பிணிகளுக்கும், கருத்தரிக்கத் திட்டமிடும் பெண்களுக்கும் கூட்டுச் சிகிச்சை கூடாது. கருவின் மூளை தனக்கு வேண்டிய டி3யைத் தாயிடமிருந்து வரும் டி4ஐக் கொண்டுதான் தயாரித்துக்கொள்கிறது. கூட்டுச் சிகிச்சையில் தாயின் டி4 அளவு குறைகிறது, அந்தக் குறையைத் தாய் உட்கொள்ளும் டி3 ஈடுசெய்வதில்லை. இதய நோய் உள்ளவர்கள், குறிப்பாக இதயத் துடிப்புச் சீர்கேடு உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். முதியவர்களிடமும், எலும்புப்புரை உள்ளவர்களிடமும் மிகுந்த எச்சரிக்கை தேவை.

இந்த எச்சரிக்கை வெறும் சம்பிரதாயமன்று. அமெரிக்காவின் நெடுநாள் இதய ஆய்வான ஃபிராமிங்காம் ஆய்வு 1994இல் வெளியிட்ட முடிவின்படி, 60 வயதைக் கடந்தவர்களில் டி.எஸ்.எச். 0.1 அல்லது அதற்கும் கீழாக இருந்தவர்களுக்கு, பத்தாண்டுகளில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் துடிப்புச் சீர்கேடு வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. தைராய்டு ஹார்மோன் அளவுக்கு மீறினால் எலும்பும் தேய்கிறது. டி3 சேர்த்த முதல் வாரங்களில் சிலருக்கு வரும் துள்ளலான தெம்பு உண்மையில் அளவு மீறியதன் அடையாளமாகவும் இருக்கக்கூடும் என்பதால், நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக டி.எஸ்.எச்.ஐக் கீழே தள்ளி வைத்திருக்கக் கூடாது.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

1999இல் வெளியான ஒரு சிறு ஆய்வு, 33 பேரிடம் டி4இன் ஒரு பகுதிக்குப் பதிலாக டி3 கொடுத்துப் பார்த்து, மனநிலையும் சிந்தனைத் திறனும் மேம்பட்டதாகச் சொன்னது. பெரும் எதிர்பார்ப்பு எழுந்தது. அடுத்தடுத்து வந்த பெரிய ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. 2006ஆம் ஆண்டில், 11 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 1,216 பேரையும் ஒன்றாகச் சேர்த்துக் கணக்கிட்டபோது, சோர்விலோ மனநிலையிலோ உடல் எடையிலோ கூட்டுச் சிகிச்சைக்குத் தெளிவான மேன்மை தென்படவில்லை. ஏறத்தாழ 700 பேரைக் கொண்ட ஒரு பிரித்தானிய ஆய்வில், பழைய சிகிச்சையிலேயே தொடர்ந்தவர்களும் தங்களுக்கு மாற்றம் செய்யப்பட்டிருக்கலாம் என்ற நம்பிக்கையில் கணிசமாகத் தேறினார்கள். அந்தத் தேற்றம் மாதக்கணக்கில் நீடித்தது.

இதோடு கதை முடிந்துவிடவில்லை. சில ஆய்வுகளில், எந்த மாத்திரை எது என்று தெரியாத நிலையிலும், கூட்டுச் சிகிச்சையைத் தேர்ந்தவர்களின் எண்ணிக்கை டி4ஐத் தேர்ந்தவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. மேலும், இந்த ஆய்வுகளில் பலவற்றில் சேர்க்கப்பட்டவர்கள் பொதுவாகத் தைராய்டு குறைபாடு உள்ளவர்கள். டி4இல் திருப்தியடையாதவர்களை மட்டும் பொறுக்கியெடுத்துச் செய்தவை குறைவு. நலமாக இருப்பவரிடம் டி3 கொடுத்து நலம் கூடவில்லை என்றால், நலமில்லாதவருக்கும் கூடாது என்று சொல்லிவிட முடியாது. ஆகவேதான் 2012இல் ஐரோப்பிய தைராய்டு சங்கம் கூட்டுச் சிகிச்சையை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம், தேர்ந்தெடுத்த சிலருக்குச் சோதனை முயற்சியாகக் கொடுக்கலாம் என்றது. 2014இல் அமெரிக்கத் தைராய்டு சங்கமும் இதை வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை. இரண்டையும் படித்துவிட்டு, டி3 ஒரு மோசடி என்று சொல்பவர்களும், மருத்துவர்கள் மறைத்துவைத்திருக்கும் அருமருந்து என்று சொல்பவர்களும் ஒரே அளவில் மிகைப்படுத்துகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மரபணுவைப் பற்றியும் கேட்பார்கள். டி4ஐ டி3ஆக மாற்றும் இரண்டாம் வகை டீஅயோடினேஸ் நொதிக்கான மரபணுவில் பரவலாகக் காணப்படும் ஒரு வேறுபாடு உள்ளவர்கள் கூட்டுச் சிகிச்சையால் சற்றுக் கூடுதலாகப் பயனடைந்ததாக 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. பிந்தைய ஆய்வுகள் ஒரே குரலில் அதை ஆமோதிக்கவில்லை. இன்றைய நிலையில் அந்த மரபணுப் பரிசோதனைக்குப் பணம் செலவிட்டு முடிவெடுப்பதில் பொருளில்லை.

ரத்தத்தில் டி3 அளவு குறைந்திருப்பதும் தனியாக ஒரு காரணமாகாது. காய்ச்சல், பட்டினி, கடுமையான உணவுக் கட்டுப்பாடு, வேறு எந்தப் பெரிய நோய் வந்தாலும் உடல் டி3யைக் குறைத்துக்கொள்ளும். டி4இலிருந்து உருவாகும் செயலற்ற வடிவை அளக்கும் ரிவர்ஸ் டி3 என்னும் பரிசோதனையும் இந்த முடிவுக்கு உதவாது. பரிசோதனை அளவைக் காட்டி மருந்து விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

சோதனை முயற்சியை வகுத்துக்கொள்வது

மேலே சொன்ன எல்லாப் படிகளையும் கடந்தும், நோய் ஐயமற்றது, டி4 சரியாகச் சேர்கிறது, டி.எஸ்.எச். மாதக்கணக்கில் நிலையாக உள்ளது, வேறு காரணம் கிடைக்கவில்லை, தடைசெய்யும் நிலைகள் எதுவும் இல்லை, ஆயினும் அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் அறிகுறிகள் தொடர்கின்றன என்றால், இப்போது டி3 சேர்த்துப் பார்ப்பது நியாயமானது. சுரப்பி முழுவதும் அகற்றப்பட்டவராக இருந்தால் இந்த நியாயம் சற்று வலுப்பெறுகிறது. ஆனால் இதை வாழ்நாள் சிகிச்சையின் தொடக்கமாக எண்ணாமல், முடிவுத் தேதியோடு கூடிய ஒரு சோதனையாகவே தொடங்க வேண்டும்.

மாத்திரையைத் தொடங்குவதற்கு முன்பே, இப்போது உங்களை வாட்டும் மூன்று அல்லது நான்கு தொல்லைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண் இட்டு வையுங்கள். பொதுவான சொற்களைத் தவிருங்கள். களைப்பாக இருக்கிறது என்பதைவிட, பிற்பகலில் படுக்காமல் வேலையைத் தொடர முடியவில்லை என்பது பிற்பாடு ஒப்பிட உதவும். தைப்ரோ என்று தைராய்டு நோயாளிகளுக்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு வினாத்தாளும் உண்டு. மருத்துவரிடம் அது இருந்தால் பயன்படுத்தலாம். இதய மின்வரைபடம் ஒன்றும், நாடித்துடிப்பு, எடை, ரத்த அழுத்தம் ஆகியவையும் தொடக்கத்திலேயே பதிவாகியிருக்க வேண்டும். எவ்வளவு முன்னேற்றம் வந்தால் தொடர்வது, வராவிட்டால் எப்போது நிறுத்துவது என்பதையும் அன்றே மருத்துவரும் நீங்களும் பேசி எழுதிவிடுங்கள். பின்னால் அந்தத் தாள்தான் உங்களுக்குத் துணை. மூன்று மாதம் கழித்து நினைவை மட்டும் நம்பினால், நினைவு விருப்பத்தின் பக்கம் சாய்ந்துவிடும்.

அளவுக் கணக்கில் முக்கியமானது, டி3யை ஏற்கெனவே உள்ள டி4இன் மேல் கூடுதலாகக் கொட்டாமல், டி4ஐக் குறைத்து அந்த இடத்தில் சேர்ப்பது. மைக்ரோகிராமுக்கு மைக்ரோகிராம் டி3 ஏறத்தாழ மூன்று மடங்கு வலியது. ஐரோப்பிய வழிகாட்டுதல் சொல்லும் கணக்கு இது: இப்போது உட்கொள்ளும் டி4 அளவை 20ஆல் வகுத்தால் வருவது டி3இன் அளவு, அந்த டி3 அளவை மூன்றால் பெருக்கி, பழைய டி4இலிருந்து கழித்தால் வருவது புதிய டி4 அளவு. 100 மைக்ரோகிராம் டி4 உட்கொள்பவருக்கு 5 மைக்ரோகிராம் டி3யும் 85 மைக்ரோகிராம் டி4உம் என்று வரும். கிடைக்கும் மாத்திரைகளுக்கு ஏற்ப அது 87.5 ஆக்கப்படும். 150 உட்கொள்பவருக்கு 7.5உம் 127.5உம் என்று வரும்; டி4 அளவு 125 ஆக்கப்படும். இப்படிச் செய்தால் டி4க்கும் டி3க்கும் உள்ள விகிதம் 13:1 முதல் 20:1க்குள், இயற்கையான சுரப்பின் விகிதத்துக்கு அருகில் நிற்கும்.

டி3 விரைவில் ஏறி இறங்குவதால், இயன்றால் அதை நாளில் இரண்டு வேளையாகப் பிரித்து உட்கொள்வது நல்லது; பெரிய பகுதியை இரவு உறங்கும் முன் வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் ஓர் இடைஞ்சல் உண்டு. டி3 மாத்திரை சில இடங்களில் 20 அல்லது 25 மைக்ரோகிராம் அளவில் மட்டுமே கிடைக்கிறது. அதைக் கால் துண்டாக வெட்டுவதில் ஒரு நாளைக்குக் கூடவும் மறு நாளைக்குக் குறையவும் நேரிடும். 5 மைக்ரோகிராம் மாத்திரை கிடைக்குமா என்பதை முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள்.

உலர்த்திய விலங்குச் சுரப்பி மாத்திரைகளை இந்தச் சோதனைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். 60 அல்லது 65 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் சுமார் 38 மைக்ரோகிராம் டி4உம் 9 மைக்ரோகிராம் டி3யும் இருக்கின்றன. அதாவது விகிதம் ஏறத்தாழ 4:1. மனிதச் சுரப்பியின் விகிதத்தோடு பார்க்க டி3 இதில் மிக அதிகம். இயற்கையானது என்ற பெயர் அந்தக் கணக்கை மாற்றிவிடாது.

ரத்தப் பரிசோதனையை ஆறு முதல் எட்டு வாரங்களுக்குப் பின், காலை மாத்திரையை விழுங்குவதற்கு முன் கொடுக்க வேண்டும். மாத்திரைக்குப் பின் கொடுத்தால் டி3 உச்சத்தில் அகப்பட்டு, இல்லாத மிகையைக் காட்டும். கூட்டுச் சிகிச்சையில் டி4 அளவு முன்பைவிடக் குறைந்து காட்டுவது எதிர்பார்த்ததே. அதைக் கண்டு டி4ஐக் கூட்டிவிடக் கூடாது. வழிகாட்டி டி.எஸ்.எச். தான், அது வழக்கமான எல்லைக்குள் இருக்க வேண்டும். படபடப்பு, கை நடுக்கம், வியர்வை, உறக்கமின்மை, காரணமில்லாத எடைக் குறைவு ஆகியவை தோன்றினால் தேதிக்குக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலியோ ஒழுங்கற்ற துடிப்போ வந்தால் அன்றே போக வேண்டும்.

இந்த மாதங்களில் வேறு எந்தப் பெரிய மாற்றமும் செய்யாதீர்கள். புதிய உணவுமுறை, புதிய சத்து மாத்திரை, புதிய உடற்பயிற்சி எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கினால், எது பலன் தந்தது என்று சொல்ல யாராலும் முடியாது.

அளவு சீரான பின் மூன்று மாதங்கள் ஆகியும் அந்தத் தாளில் எழுதிய தொல்லைகள் குறையவில்லை என்றால், டி3யை நிறுத்திவிட்டு முந்தைய டி4 அளவுக்கே திரும்பி, ஆறு வாரங்கள் கழித்து டி.எஸ்.எச். பார்த்துக்கொள்ள வேண்டும். அளவை மேலும் கூட்டிப் பார்க்கலாமே என்ற தூண்டுதல் இந்த இடத்தில்தான் வலுவாக எழும், டி.எஸ்.எச். ஏற்கெனவே எல்லைக்குள் இருக்கும்போது அதற்கு இணங்கக் கூடாது. தெளிவான முன்னேற்றம் இருந்தால் தொடரலாம். அப்போது ஆண்டுக்கு ஒரு முறையேனும் டி.எஸ்.எச்., டி4, டி3 மூன்றையும் சோதித்து, இதயத்தையும், மாதவிலக்கு நின்ற பெண்களாயின் எலும்பின் அடர்த்தியையும் கவனித்துவர வேண்டும். சில மருத்துவர்கள் ஓராண்டு கழித்து டி4க்கு மட்டும் மாற்றிப் பார்த்து, வேறுபாடு உண்மையிலேயே தெரிகிறதா என்று உறுதிசெய்துகொள்கிறார்கள். இதற்கு மறுப்புச் சொல்ல நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கூட்டுச் சிகிச்சையில் இருக்கும் பெண் கருத்தரிக்க முடிவுசெய்தால், அதற்கு முன்பே டி4 மட்டும் என்ற முறைக்குத் திரும்பி, டி.எஸ்.எச். சீராகும்வரை காத்திருக்க வேண்டும். எதிர்பாராமல் கரு தரித்துவிட்டால், அடுத்த சந்திப்பு நாள் வரை பொறுக்காமல், அறிந்த அன்றே மருத்துவரை அணுகி மாற்றிக்கொள்ள வேண்டும். கருவுற்ற தொடக்க வாரங்களிலேயே டி4 தேவை நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் மேலாகக் கூடுவது வழக்கம் என்பதால், பழைய டி4 அளவுக்குத் திரும்புவது மட்டும் பெரும்பாலும் போதாது.